ஒற்றுமையாகப் போகாத மீன்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் தேநீர் வாங்கினேன். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கழுத்தை இறுக்கிக் கயிறு கட்டி, விரலில் மாட்டிக்கொள்ளத் தருவார்களே, அந்தத் தேநீர். கடைக்காரர் நீட்டியதும் என் கை தானாகப் பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தது. "என்னக்கா, ஈ கிடக்கா?" என்று அவர் பதறிப்போனார். மீன் பண்ணையில் ஆறு வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தேநீர்கூட நிம்மதியாக வாங்கத் தெரியாது.

லிம் சூ காங்கில் அலங்கார மீன் வளர்க்கும் பண்ணை அது. மீன் அனுப்பும் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், வாயில் இரட்டை ரப்பர் வளையம். அந்த ரப்பர் வாசனை என் சோற்றுக் கையை விட்டுப் போனதே இல்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். எலுமிச்சை போட்ட ரப்பராக மணந்தேன், அவ்வளவுதான்.

பொட்டலம் கட்டுவதிலிருந்து உயர்ந்து, அலுவலகங்களில் தொட்டி வைத்துப் பராமரிக்கும் பிரிவுக்குப் பொறுப்பானேன். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நானும் பாண்டியும் ஒரு வேனும். பாண்டி அறந்தாங்கிக்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன். எங்கள் முதல் பெரிய தொட்டி தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பறையில் இருந்தது. இருநூறு நியான் டெட்ரா, நீலமும் சிவப்புமாக மின்னும் பொடி மீன்கள். இந்த ஒப்பந்தம் நிலைத்தால் பாண்டியின் வேலை பெர்மிட்டைப் புதுப்பிப்பதாகவும், இல்லாவிட்டால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவதாகவும் முதலாளி சொல்லியிருந்தார்.

முதல் வாரம் மீன்கள் ஒரே கூட்டமாகப் போயின, ஒரே கூட்டமாகத் திரும்பின. மூன்றாவது வாரம் அலுவலக நிர்வாகி கமலா போன் செய்தார்.

"என்ன லா இது? ஒண்ணொண்ணும் ஒரு மூலையில நிக்குது. டீம்வொர்க் காட்டணும்னுதானே வாங்கினோம்? சரி பண்ணுங்க, இல்லன்னா கேன்சல்."

போய்ப் பார்த்தோம். மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. இடம் பழகிவிட்டது, பயம் விட்டுப்போய்விட்டது, அதது தன் போக்கில் மேய்ந்துகொண்டிருந்தது. இந்த மீன்கள் சேர்ந்து போவது பாசத்தால் அல்ல. தலைவன் என்று ஒன்றும் கிடையாது. பக்கத்து மீன் திரும்பினால் இதுவும் திரும்பும். பயம் வந்தால் ஒவ்வொன்றும் இன்னொன்றின் பின்னால் ஒளியப் பார்க்கும், நடுவில் புகுந்துகொள்ளப் பார்க்கும். பிடிக்க வருகிற பெரிய மீனுக்கு எதைக் குறிவைப்பது என்று கண் குழம்பிவிடும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது ஒற்றுமை.

இதையெல்லாம் கமலாவிடம் விளக்கிப் பாண்டியை விமானம் ஏற்றுவதா? எதற்கும் ஒரு வழி வைத்திருப்பேன் என்ற திமிர் எனக்கு அப்போது உண்டு, இப்போதும் குறைந்தபாடில்லை.

"ஒரு ஏஞ்சல் மீன உள்ள விடுவோம்" என்றேன்.

"பெருசாச்சுன்னா இதுகளத் தின்னுடும்க்கா."

"சின்னதா விடுவோம். சும்மா பயம் காட்ட."

"பாவம்க்கா."

"உன் பெர்மிட்டு?"

அவன் வலையை எடுத்தான்.

உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த முக்கோண மீன் சாவகாசமாகத் தொட்டிக்குள் இறங்கியது. இருநூறும் நொடியில் ஒன்றாகத் திரண்டன. "எவ்ளோ ஒற்றுமை பாருங்க!" என்று கமலா ஊழியர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு, அவரவர் மேசைக்குத் திரும்பி அவரவர் சாப்பாட்டைப் பிரித்தார்கள். பாண்டிக்கு இரண்டு வருடம் பெர்மிட் கிடைத்தது. தேக்காவில் பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். மீன்கள் பழகிவிடக் கூடாதே என்று அவ்வப்போது புது ஏஞ்சல் மீனாக மாற்றவும் தவறவில்லை.

மறு வருடம் ஒரு வியாழக்கிழமை தண்ணீர் மாற்றப் போனோம். வரவேற்பறையில் ஊழியர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். சாப்பிடக் கீழே போனபோதும் மொத்தமாகப் போய் மொத்தமாகவே வந்தார்கள். பாண்டி வாளியை இறக்கிவைத்துவிட்டு என் காதருகில் குனிந்தான்.

"அக்கா, இங்க யார விட்டாங்க?"

தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். வேலையை விட்டு அனுப்பப் போகிறவர்களின் பட்டியலோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். கமலா கூட்டத்தின் நட்டநடுவில்தான் நின்றார். பட்டியல் வைத்திருப்பவனுக்குக் கண் குழம்புமா என்ன? அவர் பெயரும் அதில் இருந்தது.

அந்த அலுவலகத்தை மூடினார்கள். தொட்டி போனது, அதோடு எங்கள் பிரிவும் போனது. பெர்மிட் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே பாண்டி ஊருக்குத் திரும்பினான். குத்தகை முடிந்து இப்போது பண்ணையும் இல்லை. மறுபடி அந்த நாள் வந்தாலும் பாண்டிக்காக அதே மீனை விடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த மீன்கள் பயமில்லாமல் இருந்தது, தனித்தனியாக மேய்ந்த அந்த மூன்றாவது வாரம் மட்டும்தான். அதை நின்று பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.