பெலி போட்ட தொண்ணூற்றேழு

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரச் சந்தையில் கருவாடு விற்கும் பெலிக்குக் கால்குலேட்டர் தேவைப்பட்டதே இல்லை. நாலு வகைக் கருவாட்டை நாலு விலைக்கு வாங்கினாலும், பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கத்தானே செய்யும்.

எதிர்க்கடையில் காய்கறி விற்றவள் தெல்மா. பெலியின் மகளுக்கு ஞானத்தாய் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் 'மாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மணி வெயிலில் சந்தை காலியாகக் கிடக்கும்போது கணக்குச் சங்கிலி விளையாடுவார்கள். ஒருத்தி கணக்குப் போட்டு விடையைச் சொல்லி, அடுத்து ஆட வேண்டியவள் பேரைச் சொல்வாள். அவள் அந்த விடையிலிருந்து அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டும். விடை தப்பாக இருந்து அதைப் பிடித்துவிட்டால், போட்டவள் முகத்தில் அடுப்புக்கரி. பிடிக்காமல் அதன்மேலேயே கணக்குப் போட்டால், கரி தூங்கியவள் முகத்தில்.

தெல்மா வீட்டுவேலைக்கு ஹாங்காங் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆட்டம் கைப்பேசிக்கு மாறியது. மூன்று மணிக்குச் செய்தி வந்துவிட்டால் பெலி வாடிக்கையாளரைக்கூடக் காக்க வைப்பாள்.

போன டிசம்பரில் ரொவேனா என்று ஒருத்தியைத் தெல்மா ஆட்டத்தில் சேர்த்தாள். அதே கட்டிடத்தில் வேலை பார்க்கும் சின்னப்பெண். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் இருவரும் பூங்காவில் அட்டை விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். தெல்மா கோழி அடோபோ சமைத்துக்கொண்டு போகிறாளாம். கல்லீரல் துண்டை யாருக்குக் கொடுக்கிறாள் என்று யோசித்தே பெலிக்கு வயிறு எரிந்தது. அது சந்தையில் இருந்த காலமெல்லாம் தெல்மா பெலிக்கென்று எடுத்து வைத்த துண்டு.

"என்னம்மா, அப்பா இன்னொருத்தியோட ஓடிப்போன மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் மகள் ஜொசெல்.

"அந்த ஆளு ஓடியிருந்தாக்கூட இவ்வளவு எரியாதுடி."

அந்தப் பெண்ணைத் தெல்மாவின் கண் முன்னால் மட்டம் தட்ட வேண்டும். அசடு என்று தெரிந்தால் தெல்மா தன்னிடம் திரும்பி வந்துவிடுவாள் என்று பெலி நம்பினாள்.

ஒரு ஞாயிறு மூன்று மணிக்குத் தெல்மா ஆரம்பித்தாள். "பன்னெண்டு பன்னெண்டு நூத்தி நாப்பத்திநாலு. மாரே, நீ."

பெலி தட்டினாள்: "அதுல அம்பத்தேழு போனா தொண்ணூத்தேழு. ரொவேனா."

எண்பத்தேழுதான் சரி. அது பெலிக்குத் தெரியாமலா?

ரொவேனா உடனே எழுதினாள்: "பதிமூணு கூட்டினா நூத்திப்பத்து. மனாங் தெல்மா." தன்னைவிட மூத்தவர்களை அவள் மனாங் என்பாள்.

மாட்டினாள்! தெல்மா இப்போது பிடித்துவிடுவாள் என்று பெலி காத்திருந்தாள்.

"ரெண்டு மடங்கு எரநூத்தி இருவது. மாரே," என்று தெல்மாவும் அதன்மேல் ஏறிப் போனாள்.

பெலிக்குப் பொறுக்கவில்லை. "என்ன தூக்கமா? நான் போட்டது தப்பு. எம்பத்தேழு வரணும். ரொவேனா, கரி எடு!"

"ஐயோ மனாங் பெலி!" என்று சிரிப்புக் குறியோடு வந்தது. "எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா வந்த அன்னிக்கே மனாங் தெல்மா சொல்லிட்டாங்க, மத்தவங்க கணக்க எல்லாம் பாரு, பெலி கணக்க மட்டும் பாக்காத, நேரம்தான் வீணுன்னு. அதான் நான்தான் மக்குன்னு நெனச்சுட்டேன்."

கீழே தெல்மா எழுதியிருந்தாள்: "ஆமா மாரே. இருவது வருஷமா உன் கணக்க நான் சரிபாத்ததே கெடையாது. இவ போடறத ஒவ்வொண்ணா பாத்துட்டுதான் ஆடுவேன்."

பெலி அதை இரண்டு தடவை படித்தாள். இத்தனை மாதமாக எதற்காக வெந்து செத்தாளோ, அது எப்போதும் அவளிடமேதான் இருந்திருக்கிறது.

அடுத்த செய்தியும் தெல்மாவுடையதுதான். "தப்புன்னு எப்போ தெரிஞ்சது மாரே?"

பெலி "இப்பதான்," என்று அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் ரொவேனா மட்டும், கரி கிடைக்காமல் கண்மையைக் கன்னமெல்லாம் ஈஷிக்கொண்ட படம் ஒன்றை அனுப்பினாள். பெலிக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை, தோற்றவள் என்பதால் ரொவேனா தொடங்கினாள். "ஆறஞ்சு முப்பது. மனாங் பெலி."

பெலி வேண்டுமென்றே குழந்தைக் கணக்காகப் போட்டாள். "இருவது கூட்டினா அம்பது. மாரே, நீ."

வழக்கமாக அவள் கைப்பேசியை மடியில் வைப்பதற்குள் தெல்மாவின் பதில் வந்து நிற்கும். அன்று வரவில்லை. ஒரு அம்மாள் வந்து நெத்திலிக்கு விலை கேட்டு, பேரம் பேசி, வாங்காமல் போனாள். அப்புறம்தான் வந்தது.

"சரிதான்," என்று முதலில் எழுதியிருந்தது. அதற்குக் கீழேதான் அடுத்த கணக்கு.