கேதம் கேட்க வந்த மதியம்

அறுபதுகளில் ஒரு வருஷம், எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்ததாகத் தாராவியில் எங்கள் சந்து முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் பெரிய ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை எடுத்திருந்தார்கள். எனக்கு இருபத்துநாலு வயது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. டாக்டர் மராத்தியில் நெடுநேரம் பேசியதை என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் எனக்குச் சொன்னார். புற்று. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"வயித்துல கட்டின்னு சொல்லிரு பிள்ள. இல்லன்னா ஒட்டிக்கிடும்னு குழாயடியில உன் குடத்தத் தள்ளி வச்சிருவாளுவ" என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். தோல் பட்டறையில் வேலை, பேச்சு குறைவு, நல்ல மனுஷர். நான் பழைய சேலைத் துணியை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கப் பழகினேன். நடிப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அழுகை மட்டும் வரவில்லை. பிள்ளை பாலுக்காக இடது பக்கம் முட்டியபோதும் வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் பாத்திரங்களைப் போட்டுத் தேய்த்தேன்.

அப்போதுதான் ஊரில் அம்மா செத்துப்போனதாகத் தந்தி வந்தது. ரயில் பிடித்தாலும் முகம் பார்க்க முடியாது. மறுநாள் மதியம் சந்துப் பெண்கள் கேதம் கேட்க வந்தார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கேதம் என்றால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவதில்லை. வருகிறவள் துக்கக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். இருவரும் மனசில் கிடப்பதையெல்லாம் செத்தவளிடம் சொல்லிச் சொல்லி அழுவார்கள். பம்பாய்க்கு வந்தும் யாரும் அதை விடவில்லை.

எனக்கு அம்மாவின் ஞாபகமே வரவில்லை. கட்டிப்பிடித்தால் துணி தெரிந்துவிடுமே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு மூலையில் நின்றேன். பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மா செத்திருக்கும்போது துணியைப் பற்றிக் கவலைப்படுகிற நான் என்ன பிறவி என்று எனக்கே விளங்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி, உறவில்லாவிட்டாலும் நான் மைனி என்று கூப்பிடுகிறவள், என் கைகளைப் பிரித்து இழுத்துக் கட்டிக்கொண்டாள். துணி நகர்ந்து அக்குளுக்குள் போனது. அவள் கவனித்தாளா என்று இன்றுவரை தெரியாது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நீ குடுத்த உடம்ப முழுசா வச்சிக்கத் தெரியலியே எம்மா. அறுத்து எடுத்துட்டாவளே எம்மா."

வயிற்று ஆபரேஷனைச் சொல்கிறேன் என்று நினைத்துப் பெண்கள் என்னோடு சேர்ந்து கதறினார்கள். அழ ஆரம்பித்தபின் நிறுத்தத் தெரியவில்லை. அம்மாவுக்காக அழுதேனா, அம்மாவைச் சாக்கு வைத்து எனக்காக அழுதேனா? நடுவில் அம்மா கையின் சீயக்காய் வாசனை நினைவுக்கு வந்தது; அப்புறம் எது எதற்கான கண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது.

எல்லோரும் போனபின், வாசலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கடை டீயை என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"செத்துப்போன அத்தைட்ட சொன்னத எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லிருக்கலாமே."

நீங்கள் கேட்கவே இல்லையே என்று சண்டை பிடிப்பதா, அவர் மடியில் விழுவதா என்று தெரியாமல் டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வலிக்கா பிள்ள?"

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவர் அதைக் கேட்டதே இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். கை மட்டும், பழக்கத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.