நேராகாத சக்கரம்

அந்த வாரம் எங்கள் காளிகாட் சந்தின் காலை வாசனையே மாறிவிட்டது. பூவும் நெய்யும் போய், எங்கோ எரிந்த சணலின் கரி. ஊரில் கலவரம். டிராம் நின்று மூன்று நாள். கிடர்பூரில் அண்ணா வேலை பார்த்த கப்பல் ஆபீசிலிருந்து பியூன் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்: நாளைக்கு வராதவனுக்கு வேலை இல்லை. இருந்தது ஒரு சைக்கிள். அதன் முன்சக்கரமும் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டிக் கோணிக் கிடந்தது.

கோட்டம் எடுப்பது என் பொறுப்பு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றி, பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கட்டியைப் பிடிப்பேன். ரிம் எங்கே ஒதுங்கி வந்து வெள்ளையைத் தொடுகிறதோ, அங்கே இந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்த வேண்டும், எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்க வேண்டும். கால் திருகு, அதற்கு மேல் கூடாது. முந்தின நாள் சாயங்காலம் சக்கரம் எதையும் தொடாமல், மூச்சு விடுவதுபோல் சுழன்றது. காலையில் பார்த்தால் பாம்பாய் நெளிகிறது!

"என்னடா, நேத்து சக்கரம், இன்னிக்கு முறுக்கா?" துண்டோடு குளிக்கப் போன அண்ணா கேட்டார்.

மன்னி காபி கொண்டுவந்தாள். டம்ளரில் கறுப்பாக ஒரு விரல் ரேகை. சைக்கிள் எண்ணெய். நான் பார்த்ததும் விரலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள்.

"நீங்களா தளர்த்தினேள்?"

"இன்னிக்கு ஒரு நாள்." உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். "ஒரே ஒரு நாள் போகாம இருக்கட்டும். வேலை போனா போறது."

அண்ணா வந்ததும் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "ரிம் விரிசல் விட்டுடுத்து அண்ணா. இனிமே நேராகாது."

அவர் சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். கோட்டை மாட்டினார். குடையை எடுத்தார்.

"கால் இருக்கோல்லியோ," என்று இறங்கி நடந்தார்.

இதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து வங்காளிப் பெரியவர், "ஜாபேன் நா, மொஷாய், ஜாபேன் நா!" என்று கத்தினார், போகாதீர்கள் என்று. அண்ணா குடையை அசைத்துவிட்டு வளைவில் மறைந்தார்.

"சரி பண்ணு! சீக்கிரம்! பின்னாலேயே கொண்டுபோய்க் குடு!" மன்னி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சைக்கிளில் என்றால் அந்தத் தெருக்களைக் கால் மணியில் தாண்டியிருப்பார். நடந்தால் ஒரு மணி நேரம்.

உடனே திருகத் தொடங்கினேன். கால் திருகுக்குப் பதில் முழுத் திருகு விழுந்தது. ரிம் இன்னும் கோணியது. தளர்த்தி, இறுக்கி, மறுபடி தளர்த்தி, சுண்ணாம்பு தேய்ந்து நகம் உரசியது. மன்னி சைக்கிளை அசையாமல் பிடித்துக்கொண்டு மேற்கே, கிடர்பூர்ப் பக்கம் பார்த்தபடி இருந்தாள். அங்கே ஒரு புகை மெல்ல எழுந்து, அவசரமில்லாமல் அகலமாகிக்கொண்டிருந்தது. சக்கரம் நேராக ஓடியபோது உச்சி வெயில். அதற்குள் சந்து முனையில் போலீஸ் நின்று யாரையும் விடவில்லை.

பொழுது சாய்கையில் அண்ணா வந்தார். குடை இல்லை. கோட்டின் ஒரு கையில் காய்ந்த சிவப்பு, அவருடையது அல்ல. யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் இன்றுவரை சொல்லவில்லை. காலைக் கழுவிவிட்டு வந்து, குனிந்து, சக்கரத்தைத் தட்டிவிட்டார். விரிசல் விட்டதாக நான் சொன்ன ரிம், ஒரு நெளிவும் இல்லாமல் சுழன்றது, நிற்காமல் சுழன்றது.

"நாளைக்கும் போகணும்," என்றார். என்னிடம் அல்ல, மன்னியிடம், எண்ணெய்க் கறை போகாத அவள் விரலைப் பார்த்தபடி. "காலைல ஓடுமா?"