பொட்டு வைத்த மூடி

"நான் முடுக்குன மூடியத் தொறக்கறதுக்கு இன்னொருத்தன் பொறந்துதான் வரணும். நானே தொறக்க மாட்டேன், போ!"

அம்பத்தூர் எஸ்டேட்டில், மின்சார பேனல் போர்டு செய்யும் ஒரு தகரக் கொட்டகையின் நடுவில் நின்று ஃபோர்மேன் வேதமுத்து இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது 1984இல். கையில் ஸ்க்ரூடிரைவர், காதில் பீடி. சாட்சிகளாக ஒரு டிரில்லிங் மிஷினும், செம்புக் கம்பியைக் காயில் காயிலாகச் சுற்றும் பெண்களும். இது சரித்திரத்தில் ஏறாமல் போனதற்கு, அன்று பத்திரிகைக்காரர் எவரும் அந்தப் பக்கம் வராததே காரணம்.

விஷயம் இதுதான். கொட்டகையின் மெயின் போர்டுக்குள் ஒயர்களை வளைத்துத் திருப்ப இடம் போதவில்லை. அதனால் போர்டின் தலைமாட்டில் நீளமான தகரப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, மிச்ச ஒயர்களை அதில் படுக்கவைத்து, முன்பக்கம் மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்கினார் வேதமுத்து. எல்லோரும் அதை டக்ட்டு என்றார்கள். அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் பெஞ்சில் உட்காருகிற வேதமுத்துதான் ஆயுத பூஜைக்கு முதல் ஆளாகச் சந்தனம் குழைப்பார். டக்ட்டின் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் பொட்டு வைத்தார். பொட்டு வைத்த மூடியைத் திறக்கலாகாது என்ற சாஸ்திரம் அந்தக் கணத்தில் உண்டானது. ஆசிரியர் வேதமுத்துவேதான். வருடாவருடம் பொட்டின் மேல் பொட்டு ஏறியது. கடைசியில் ஸ்க்ரூ எங்கே என்று ஸ்க்ரூவுக்கே தெரியாது.

கொட்டகை செழித்தது. கிரைண்டர் வந்தது, பெயின்ட் அடிக்கும் அறை வந்தது, போர்வெல் மோட்டார் வந்தது. ஒவ்வொன்றின் ஒயரும் டக்ட்டுக்குள் போனது. மூடியைத் திறக்காமல் எப்படி? ஒரு முனையில் கம்பியை விட்டு மறுமுனையில் இழுத்தே வேலையை முடிப்பார். அம்பத்தூரில் கட்டத் தொடங்கிய வீடுகள் ஆவடி தாண்டித் திருநின்றவூர் வரை போனதுபோல டக்ட்டும் சுவர் சுவராக நீண்டு போனது. உள்ளே ஒரு ஸ்விட்சும் இருந்தது. வேதமுத்துவின் ரேடியோவுக்கு. வெளியே வைத்தால் ஆளாளுக்குத் திருகுவார்கள் என்று, முதல் பொட்டுக்கு முன்பே உள்ளே பதித்து, மூடியில் ஓட்டை போட்டிருந்தார். பென்சிலை விட்டு ஒரு குத்து குத்தினால் பாட்டு வரும். மதிய நேரத்துப் பழைய பாட்டும், டிரில்லிங் மிஷினின் முனகலும், தெருக்கோடி டீயின் இஞ்சி வாசனையும் சேர்ந்த அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ஒயரெல்லாம் சுவருக்குள். பூனை படுக்க இடமில்லை.

ஆம், பூனை. டக்ட்டின் அருமையை முதலில் கண்டுபிடித்தது அதுதான். மழைக்காலத்தில் காயில் பெஞ்சுக்கு மேலே டக்ட்டின் முதுகில் ஏறிப் படுத்தால் கதகதவென்று இருந்தது. அடுத்து டிபன் டப்பாக்கள் ஏறின. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டில்களும் ஏறின.

"சோறு சூடா கீது, எண்ணெய் உருகுது. எந்த கம்பெனில இந்த வசதி கீது, சொல்லு?" என்பார் வேதமுத்து.

1993இல் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு போர்டு செய்யும் ஆர்டர் வருவதாக இருந்தது. அதன் இன்ஜினியர் குணசேகரன், தலையணை கனத்தில் ஒரு அமெரிக்க விதிப் புத்தகத்தோடு வந்தார். டக்ட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இது ஒயர்வேயா, ஆக்ஸிலரி கட்டரா?"

"டக்ட்டு சார்."

"ஒயர்வேன்னா ஒயரை ஓரிடத்திலேருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோறது. எவ்வளவு தூரமும் போகலாம். கட்டர்னா வெட்டுற கட்டர் இல்ல, வாய்க்கால் மாதிரி ஒரு பெட்டி; போர்டுக்குத் துணை மட்டும். முப்பது அடியோட நிக்கணும். உள்ளே ஒயர் இருக்கலாம், ஸ்விட்ச் கூடாது. இது துணைக்கு வந்து ஊரையே சுத்துது. எதுவா இருந்தாலும், அஞ்சுல ஒரு பங்குதான் ஒயர் அடைக்கலாம். மிச்சம் காத்துக்கு."

வேதமுத்து சிரித்தார். "சார், நான் காலைல திருநின்றவூர்ல வண்டி ஏறுற ஆளு. அஞ்சுல ஒரு பங்குதான் ஏறணும்னா நான் இன்னும் பிளாட்பாரத்துலதான் நின்னுகினு இருப்பேன்."

பெண்கள் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. "ஒருக்கா தொறந்து காட்டுங்களேன்" என்றார்.

"பொட்டு வெச்சது சார்."

முதலாளி மனோகரன் சாஸ்திரத்துக்குப் பயந்தாரோ வேதமுத்துவுக்குப் பயந்தாரோ, இன்ஜினியருக்கு டீ வரவழைத்தார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார் குணசேகரன்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு நேரம். பூனை ஏனோ அன்று டக்ட்டில் ஏறவில்லை. காயில் சுற்றும் சுசீலா, டக்ட்டின் மேல் வைத்த தன் பிளாஸ்டிக் டப்பாவை எடுக்கப் போனாள். வரவில்லை. பலமாக இழுத்ததும் வந்தது. அடிப்பாகம் இளகி, குழைந்த பப்படம்போல் இருந்தது. காயில் பெஞ்சில் அவள் இடம் அதற்கு நேர் கீழே.

"அண்ணாத்தே, இத்த பாரு."

"மட்டமான டப்பா. எவர்சில்வர் வாங்கு."

"டப்பா மட்டம்தான். என் தலை இன்னா எவர்சில்வரா? நாள் பூரா அதுக்குக் கீழதான குந்திகினு கீறேன்."

 வேதமுத்து டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்தார், ஓட்டையருகே கொண்டுபோனார், பிறகு காதிலேயே செருகிக்கொண்டார். சாயங்காலம் வரை கொட்டகையில் பாட்டு இல்லை.

"இன்னா மாமே, ரேடியோ மௌன விரதமா?" என்றான் டிரில்லிங் பாஸ்கரன். வேதமுத்து டக்ட்டின் மேல் கையை வைத்துச் சட்டென்று எடுத்தார்.

சனிக்கிழமை அரை நாள். சங்கு ஊதியதும் கொட்டகை காலியானது. பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரை போய்விட்ட சுசீலா, பெஞ்சில் விட்டுவந்த சீசன் டிக்கெட்டுக்காகத் திரும்பி வந்தாள். உள்ளே மெயின் அணைந்திருந்தது. காயில் பெஞ்சருகே ஸ்டூல் போட்டு ஏறி நின்ற வேதமுத்து, பனியன் வேஸ்ட் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது ஆயுத பூஜைச் சந்தனம். லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டினார்.

"இன்னா அண்ணாத்தே பண்ற?"

"ஸ்டூல் ஆடுது. புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டாள். ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக முனகி வெளியே வந்தன. மூடி கழன்றது. உள்ளே காலை நேரத்துத் திருநின்றவூர் வண்டி: ஒயரின் மேல் ஒயர், மூச்சு விட இடமில்லை. ரேடியோ ஸ்விட்சை உரசிப் போன ஒயர்களின் தோல் பழுப்பாகிப் பொரிந்திருந்தது. ஓரிடத்தில் செம்பு தெரிந்தது.

வேதமுத்து குனிந்து, சுசீலாவின் பெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து, முதலில் ரேடியோ ஒயரை வெட்டினார். ஸ்விட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஸ்டூலை நகர்த்தி, அடுத்த மூடியின் பொட்டைத் துடைக்கத் தொடங்கினார்.