நாடாளுமன்றத்தில் எங்கள் ஊர் ரோடு

ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் உள்ளங்கை எப்படி வேர்க்கும் என்று எனக்கு நாலாம் வகுப்பிலேயே தெரியும். இதைச் சொன்னால் கல்லூரியில் யாரும் நம்பியதில்லை. அந்தக் கையை என் கையில் பிடித்துக் கொடுத்தது என் அத்தை.

சங்ககிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது. வீடுகள் எல்லாம் தெற்கே, பள்ளிக்கூடமும் பால் சொசைட்டியும் ரேஷன் கடையும் வடக்கே. சாலையை அகலப்படுத்தியபோது நடுவில் மேடு கட்டி அரளிச்செடி நட்டார்கள். பூவெல்லாம் நன்றாகவே பூத்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்பதுதான் யாருடைய ஞாபகத்துக்கும் வராமல் போய்விட்டது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. சாலையின் வடபுறத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் வேலை செய்தாள். கெட்டித் தார்ப்பாயில் ஊசி ஏற்றி ஏற்றி அவள் கை மரக்கட்டை போல இருக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது எங்கள் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு சாலையைத் தாண்டுவாள். நாங்கள் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொள்ள வேண்டும். அவள் கண் சாலையிலேயே இருக்கும். "இப்ப" என்பாள். ஓடுவோம். அரளிச்செடி மேட்டில் ஏறி நிற்போம். மறுபடியும் "இப்ப" என்பாள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

நான் நாலாம் வகுப்புக்கு வருவதற்கு முந்தைய வருஷம், கீழத்தெருவிலிருந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன பெண் ஒருத்தி அந்தச் சாலையில் அடிபட்டு இறந்துபோனாள். அவளுக்குக் கொஞ்சம் பின்னால் நடந்து போனவள் அத்தைதான். அன்று கண்ணால் கண்டதை அத்தை யாரிடமும் விவரித்ததில்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால் அத்தை வீட்டுக்காரர், அதாவது என் மாமா, லாரி டிரைவர். வடநாட்டு லைன். இங்கிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் ஏற்றிக்கொண்டு போனால் நாக்பூர், இந்தூர் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். வந்தால் ஒரு நாள் முழுக்கத் தூங்குவார். எழுந்து குளித்து, கறிச்சோறு சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்ததும் இருவருக்கும் விவாதம் ஆரம்பமாகும். விஷயம் எப்போதும் ஒன்றுதான்.

"ஒரு வேகத்தடை போட்டா என்னங்க?" என்பாள் அத்தை.

"ஊருக்கு ஊரு தடை போட்டா லோடு வண்டிய எப்புடிப் புள்ள ஓட்டறது? திடீர்னு பிரேக் அடிச்சா பின்னால வர்றவன் வந்து ஏறுவான். நேரத்துக்குப் போவுலீன்னா ஓனருக்கு யாரு பதில் சொல்றது?"

"ஓனருக்கு நீங்க சொல்லுவீங்க. பாலூத்தப் போனவளோட புள்ளைங்களுக்கு யாருங்க சொல்றது?"

மாமா சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பார். தொண்டை நனையும் வரைக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும். பிறகு வேறொரு நியாயத்தோடு திரும்பி வருவார். ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் குறுக்கிடமாட்டார். இரண்டு பேரும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிற்காலத்தில் டிவியில் நாடாளுமன்றத்தைப் பார்த்தபோது, அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதைக் கண்டு, இவர்களுக்கு எங்கள் அத்தை வீட்டுப் பழக்கம் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

ஒருநாள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்பதற்காகவே மாமா சொன்னார்: "வண்டியும் நிக்கக்கூடாது, சனமும் சாவக்கூடாதுன்னா, ரோட்டுக்குக் கீழ குடைஞ்சு ஒரு வழி உடோணும். வடக்க செல ஊருல உட்டிருக்கறாங்க. ஆனா அதைய டெல்லியிலதான் கேக்கோணும். உனக்கு டெல்லியில யாரத் தெரியும்?"

அத்தை காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா ஜெயித்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

தேர்தல் முடிந்து, ஜெயித்த எம்.பி. நன்றி சொல்ல ஊர் ஊராக வந்தார். எங்கள் ஊருக்கு வந்தது ஒரு காலைநேரம். பம்பை மேளம், பட்டாசு, திறந்த ஜீப், அதன் பின்னால் கார்கள். அவருக்கு முதல் தடவை. பெரிய உருவமெல்லாம் இல்லை. புது வேட்டி, புதுச் செருப்பு, தோளில் ஏற்கெனவே நாலைந்து துண்டு. மனுக்கள் நீண்டுகொண்டிருந்தன. எல்லாவற்றையும் வாங்கிப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஜீப்பின் பக்கம் போனாள். அவளிடம் மனு இல்லை.

"ஏனுங்க, கொஞ்சம் எறங்கி வர்றீங்களா? இந்தப் புள்ளைய அக்கட்டால பள்ளிக்கோடத்துல உட்டுப்போட்டு வந்தரலாமுங்க."

கட்சிக்காரர் ஒருவர், "ஏம்மா, ஐயாவுக்கு இன்னும் எத்தன ஊரு போவோணும் தெரியுமா?" என்றார். எம்.பி. அத்தையைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்.

பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தப் போனார். அத்தை அவரைத் தடுத்தாள்.

"நிறுத்தாதீங்க சார். தெனமும் எங்களுக்கு யாரு நிறுத்தறாங்க? நாங்க தாண்டறாப்புடியே அவியளும் தாண்டட்டுமுங்க."

போலீஸ்காரர் எம்.பி.யின் முகத்தைப் பார்த்தார். எம்.பி. வேண்டாம் என்று தலையசைத்தார். அத்தை அவர் கையை எடுத்து என் இடது கையில் வைத்தாள். என் வலது கை அவளிடம். "இப்ப" என்றாள்.

ஓடினோம். அரளிச்செடி மேட்டில் ஏறியதும் ஒரு கன்டெய்னர் லாரி எங்களை உரசுவதுபோல் போனது. அதன் காற்றில் அவர் வேட்டி முழங்காலுக்கு மேல் பறந்தது. துண்டுகளில் ஒன்று தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் எங்கேயோ விழுந்தது. அவர் கை என் கையை இறுக்கியது. சொதசொதவென்று ஈரம். இவ்வளவு பெரிய மனிதருக்கு நான் தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. "பயப்படாதீங்க, அத்தை சொன்னாத்தான் ஓடோணும்" என்றேன். "சரிங்க சாமி" என்றார்.

வடக்கே போய்ச் சேர்ந்தோம். தெற்கே மேளமும் மாலையும் கட்சிக்காரர்களும் நின்றுவிட்டார்கள். தாண்டிவர யாருக்கும் துணிவு வரவில்லை. மேளக்காரர் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று அவ்வப்போது ஒரு தட்டு தட்டினார். எம்.பி. பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். செருப்பு ஒன்றின் வார் அறுந்திருந்தது.

"திரும்பிப் போறதுக்கு வேற வழி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இதேதானுங்க" என்றாள் அத்தை.

அவர் சிரிக்கவில்லை. "என்ன பண்ணோணுங்கறீங்க?" என்றார். வேகத்தடை என்று அத்தை சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அத்தனை மாசமாக அதற்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தாள்.

"வண்டியும் நிக்கக்கூடாதுங்க. அதுல போறவியளும் எங்கூட்டு ஆளுகதான். சனமும் சாவக்கூடாது. ரோட்டுக்குக் கீழ ஒரு வழி வேணுமுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது மாமா சொன்னது. கட்டிலில் சாய்ந்துகொண்டு அத்தையை மடக்குவதற்காகச் சொன்ன பேச்சை, மாமா ஊரில் இல்லாத நாளில், தன் பேச்சாக எடுத்து வைத்துவிட்டாள். எதிராளியின் நியாயத்தை விட்டுவிடாமல் சுமந்துகொண்டு போய்த் தன் கோரிக்கையைக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பின்னாளில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அத்தை தோற்றுப்போய்விட்டாள் என்றுதான் எண்ணினேன்.

அத்தோடு எம்.பி. மறந்துவிடுவார் என்று ஊரே சொன்னது. ஆடிப் பதினெட்டுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. காவிரிக்குப் போகலாம் என்று நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது கட்சிக்காரர் ஒருவர் வண்டியில் வந்து, இன்று மத்தியானம் எம்.பி. சபையில் எங்கள் ஊர் ரோட்டைப் பற்றிப் பேசப்போகிறார், டிவியில் வரும் என்றார். காவிரிப் பயணம் நின்றுபோனது. எனக்கு அழுகை வந்தது.

அத்தை வீட்டு டிவியின் முன்னால் தெருவே கூடிவிட்டது. அத்தை மாமாவுக்குப் போன் போட்டாள். அவர் நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு சாலையோர ஓட்டலில் வண்டியை நிறுத்தியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

சபையில் பாதி நாற்காலிகள் காலி. யார் யாரோ எழுந்து ஏதேதோ பேசினார்கள். அரசியல் சண்டை இருக்கும் என்று காத்திருந்த எங்கள் தெரு ஆண்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒருவர் தன் ஊரில் ரயில் நிற்பதில்லை என்றார். ஒரு பெண் உறுப்பினர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை என்றார். பிறகு எங்கள் எம்.பி. எழுந்தார். தமிழில் பேசினார்.

தொகுதியில் ஒரு சகோதரி தன்னைக் கைபிடித்துச் சாலையைத் தாண்ட வைத்ததைச் சொன்னார். தன் நெஞ்சு அடித்துக்கொண்டதை ஒளிக்காமல் சொன்னார். "வண்டியும் நிற்கக் கூடாது, மக்களும் சாகக் கூடாது என்று அந்தச் சகோதரி சொன்னார். சாலைக்குக் கீழே ஒரு வழி கேட்கிறார்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது நேரம் முடிந்து மைக் நின்றுவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்றேன். என் பேரைச் சொல்லவில்லை. ஒரு பாப்பா கூட வந்தாள் என்றாவது சொல்லியிருக்கலாம். மந்திரி எழுந்து நாளைக்கே கட்டித்தருகிறேன் என்று சொல்லுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போனில் மாமா, "அட, அது நாஞ் சொன்னதல்லொ?" என்று மட்டும் சொன்னார். அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சுரங்கப்பாதை வந்தது. ஆனால் எம்.பி. அதற்குப் பிறகும் பலமுறை கேட்க வேண்டியிருந்தது. அளக்க வந்தவர்களுக்கெல்லாம் அத்தை மோர் கொடுத்தாள். அது திறந்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். இப்போது என் தம்பி மகள் அதன் வழியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். உள்ளே பாடினால் எதிரொலிக்குமாம்.

ஆனால் அந்த மத்தியானம் எங்கள் எம்.பி. உட்கார்ந்ததோடு முடிந்துவிடவில்லை. அடுத்து எழுந்தவர் எதிர்வரிசைக்காரர். வயதானவர், தலையில் பெரிய முண்டாசு. இந்தியில் பேசினார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பேசும்போது எங்கள் எம்.பி. பக்கம் கையைக் காட்டினார்.

"ஏனுங்க, நம்மாளத் திட்டறாரா?" என்று அத்தை போனைப் பார்த்துக் கேட்டாள்.

"இரு புள்ள, கேக்கறன்." வடநாட்டு லைனில் ஓடி ஓடி மாமாவுக்கு இந்தி பழக்கம். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். "அவரு வெங்காயத்தப் பத்திப் பேச வந்தவராமா. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுங்கறாரு. தமிழ்நாட்டு அண்ணன் சொன்னது எங்க ஊருக்கும் பொருந்தும்ங்கறாரு. அவரு ஊரும் ரோட்டுக்கு அக்கட்ட பாதி, இக்கட்ட பாதியாமா. புள்ளைங்க தாண்டறப்ப அம்மாமாருக வாசல்ல நின்னு பாத்துட்டே இருப்பாங்களாமா, அக்கட்டால போய்ச் சேர்ற வரைக்கும். அந்த அண்ணன் கேட்டத நானும் கேக்கறன், எழுதிக்கோங்க அப்புடிங்கறாரு."

அத்தை திரையையே பார்த்தாள். "அவரு எந்த ஊருன்னு சொன்னாருங்க?" என்றாள்.

மாமா ஊர் பேரைச் சொன்னார். எங்களுக்கு வாயில் நுழையாத பேர்.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும். இந்தூர் போற வழிதான். நேத்துக்கூட அந்த வழியாத்தான் வந்தேன்." என்றார் மாமா. "எறக்கத்துல ஊரு. நல்ல வேகம் புடிக்கும். ஹாரன அழுத்துனா எடுக்கறதே இல்ல நாங்க."

அதற்கு மேல் போனிலிருந்து சத்தம் வரவில்லை. "அலோ, மாமா, அலோ" என்று கத்தினேன். ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். "சிக்னல் போச்சுங்கத்தை, கட் பண்ணிட்டுத் திருப்பிக் கூப்புடலாங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாஞ் சாமி, லைன்லதான் இருக்கறாரு" என்று அத்தை என் கையிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவோரம் எட்டிப் பார்த்தேன். அவளும் பேசவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் எதற்காகப் போனை வைத்துக்கொண்டிருக்கிறாள், இந்நேரம் காவிரிக்காவது போயிருக்கலாமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.