பதினொரு சீஷர்களும் குளோரோபாமும்

மயக்க மருந்து கொடுத்து அறுக்கும்போது நோயாளிக்கு உள்ளுக்குள்ளே முழிப்பு இருக்கிறதா, காது கேட்கிறதா, நோவு தெரிகிறதா என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்போது ஆராய்கிறார்களாம். மகன் பேப்பரைப் பார்த்து வாசித்துச் சொன்னான். எனக்கும் அதில் சொல்ல ஒரு விஷயம் உண்டு. ஆனால் சொல்லவில்லை. நான் எதையும் சட்டென்று வாய் திறந்து சொல்கிறவள் இல்லை. அந்தக் குணத்தால்தான் ஒரு காலத்தில் நல்ல முழிப்போடு வயிறு அறுபட இருந்தேன். அதை எழுதிவிடுகிறேன். எழுதும்போது எதிரே யாரும் நிற்பதில்லை, அது ஒரு சௌகரியம்.

அது திருவிதாங்கூர் மகாராஜா காலம். நான் நாலாம் கிளாஸோடு நின்றவள். கல்யாணம் முடிந்த மறு வருஷம் என் வயிறு பெரிதாகத் தொடங்கியது. மாமி சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். புளிமாங்காய் வந்தது, நார்த்தங்காய் வந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எந்த வார்த்தையில், யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல வெட்கப்பட்டு மாங்காயைத் தின்றுகொண்டிருந்தேன். பத்து மாதம் கழிந்தும் பிள்ளை வருகிற வழியாக இல்லை. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்து, "இது பிள்ளையில்ல, கட்டியாக்கும்" என்றாள்.

மாமி என்னைப் பார்த்தாள். "பின்ன எதுக்குட்டி அவ்வளவு மாங்காயையும் தின்ன?"

மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். என் வீட்டுக்காரர் குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். மாமி என்னோடு தங்கினாள். நோயாளிக்கு வேண்டியதைக் கூட வந்தவர்களே பின்னால் இருந்த ஓலைக் கொட்டகையில் சமைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்கார டாக்டர் துரை நல்ல மனுஷர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவருக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் குளோரோபாம் கூடிப்போய் மேசையிலேயே இருதயம் நின்று போனவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் இவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். எவ்வளவு குறைவான மருந்தில் ஆளை மயக்கலாம் என்பதுதான் ஆராய்ச்சி. மூக்குக்கு மேலே ஒரு கம்பிக்கூடு, அதன்மேல் துணி. துணியில் கம்பவுண்டர் சொட்டுச் சொட்டாக மருந்து விடுவார். நடுநடுவே ஒரு கேள்வி கேட்பார். பதில் வருகிறவரை சொட்டு விழும். பதில் நின்றுவிட்டால் குப்பியை மூடிவிட்டு, காது மடலைக் கிள்ளிப் பார்ப்பார். அசைவில்லை என்றால் துரை கத்தியை எடுப்பார்.

எந்த மயக்கத்திலும் மறக்காத ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்று துரை நினைத்திருக்கிறார். அதனால் ஆண்களிடம் மனைவியின் பெயரைக் கேட்கச் சொன்னார். பெண்களிடம் கேட்பதற்கு அவரே தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்: "ஸ்திரீயே, உன் புருஷனுடைய நாமம் என்ன?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு எந்தப் பெண் பதில் சொல்வாள்? புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். ஆக, ஆண்களுக்குக் குப்பி குப்பியாகச் செலவானது. பெண்களோ முதல் சொட்டிலேயே "மயங்கிப்" போனார்கள். துரைக்குத் தாங்க முடியாத ஆச்சரியம். இந்த நாட்டுப் பெண்கள் தின்கிற மரச்சீனிக் கிழங்கில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, கொட்டகைக்கு வந்து பானைகளைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

கம்பவுண்டர் வராந்தாவில் நின்று அதைப் பெருமையாகச் சொல்லுவார்.

"நம்ம பெண்ணுவளுக்க ஒடம்பு அப்பிடி, கேட்டியளா. குப்பிக்க மூடிய மணந்தாலே போதும். ஆம்பிளையளுக்குத்தான் செலவு. குடலெறக்கத்துக்கு வந்தான் ஒருத்தன், கேக்கக் கேக்க பெஞ்சாதி பேரச் சொல்லிட்டே கெடந்தான். கடைசியில வேற ஒருத்திக்க பேரையும் சொன்னான்."

"பெஞ்சாதி அப்பம் எங்க நின்னா?" என்று யாராவது கேட்பார்கள்.

"ஜன்னல்லதான். அவன் முழிச்சாச்சு. அவ இன்னும் உள்ள வரல்ல."

எனக்கு அடுத்த கட்டிலில் தேங்காய்ப்பட்டணத்து மீன்காரி அக்கா ஒருத்தி கிடந்தாள். தொடையில் பெரிய கட்டி வந்து கீறியிருந்தார்கள். அவள்தான் என்னிடம் கேட்டாள்.

"ஏட்டி, உனக்கு என்னைக்கு அறுப்பு?"

"திங்கக்கெழம."

"மாப்பிள்ளைக்க பேரச் சொல்லுவியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பம் தீந்துது. உனக்கும் பச்ச அறுப்புதான்." அவள் என் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். "நானும் வாயத் தெறக்கல்ல. கம்பவுண்டரு 'போயாச்சு'ண்ணாரு. காதக் கிள்ளினாரு. ஆம்பிள கிள்ளினா கத்தவா முடியும், நாணக்கேடுல்லா? பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தேன். பெறவு துரை கத்திய வச்சாரு பாரு..."

"அப்பமும் கத்தல்லியா?"

"கத்தல்லியாவா! நான் போட்ட சத்தத்துல கடல்ல நின்ன வள்ளமெல்லாம் கரைக்கு வந்திருக்கும். துரை என்ன சொன்னாரு தெரியுமா? மயக்கத்துல மனுசரு இப்பிடித்தான் கத்துமாம். மருந்து நல்லா பிடிச்சிருக்குண்ணு அர்த்தமாம்."

நான் அன்று கஞ்சி குடிக்கவில்லை. படுத்துக்கொண்டு யோசித்தேன். பேசாமல் கிடந்தால் மயக்கம். கத்தினாலும் மயக்கம். முழித்திருக்கிறேன் என்று காட்ட அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவர் பெயர். அக்காவுக்குத் தொடையில் ஒரு கீறல், நொடியில் முடிந்துவிட்டது. எனக்கு வயிறு.

மாமியிடம் இதை என்னால் சொல்ல முடியவில்லை. அக்காதான் நொண்டிக்கொண்டே கொட்டகைக்கு வந்து சொன்னாள்.

"அவனுக்க பேர இவ சொல்லப்பிடாது" என்றாள் மாமி. "எனக்கு ஒத்த மவன்."

"ஒங்களுக்கு ஒத்த மருமவளும்தான, மாமி. பச்சயா கீறினா செத்துப்போவா."

மாமி அடுப்பை ஊதினாள். தீ பிடித்ததும் அவள் முகமும் தெளிந்தது. "நான் சொல்லுதேன். பெத்தவ சொன்னா குத்தமில்ல. கம்பவுண்டரு கேக்கச்சில ஜன்னல் வழியா நான் பதில் சொல்லிருதேன்."

"எது வரைக்கும் சொல்லுவிய?"

"அவரு கேக்குத வரைக்கும்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லச் சொல்ல அவரு ஊத்துவாரு. இவ மயங்கினப் பெறவும் நீங்க நிறுத்தப் போறதில்ல. இவ மேலோகம் போய்ச் சேந்துருவா!"

பிறகு மாமி கம்பவுண்டரிடமே போனாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"வேற எதாவது கேளுமே. ஊருக்க பேரு, மாட்டுக்க நெறம்."

"கேள்விய மாத்தினா ஆராய்ச்சி கெட்டுப்போவும் அம்மா. துரைக்க உத்தரவு."

"அப்பம் துரைட்ட சொல்லும், இவ முழிச்சுதான் கெடப்பாண்ணு."

"முழிச்சுக் கெடந்தா பதில் சொல்லுவால்லா?" என்றார் கம்பவுண்டர். மாமி திரும்பிக் கொட்டகைக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக் கோவிலில் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் வீட்டுக்காரருக்கு இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவருடைய பெயர். சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் பன்னிரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பரிசு வாங்கியவள் நான். கல்யாணம் நிச்சயமான அன்று முதல் எனக்குப் பதினொரு சீஷர்கள்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் அந்த இடத்தில் இருமிவிட்டுத் தாண்டிவிடுவேன். அந்தப் பதினொன்றையும் சொன்னால், இல்லாத ஒருவர் யார் என்று தெரியாமலா போகும்?

அக்காவின் காதில் சொன்னேன். அவள் தையல் பிரிகிற மாதிரி சிரித்தாள். மாமியிடம் அனுமதி கேட்டதும் அவள்தான்.

"விட்டுச் சொன்னா, சொன்னதாவுமா மாமி?"

மாமி இதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் வரை யோசித்தாள். "விட்டா விட்டதுதான். ஆனா அந்த எடத்துல நிக்கப்பிடாது. இருமவும் பிடாது. நின்னா அது சொன்ன மாதிரி ஆயிரும்."

திங்கட்கிழமை என்னை மேசையில் கிடத்தினார்கள். துணி மூக்கின்மேல் வந்தது. பழுத்துப்போன பலாச்சக்கையும் சாராயமும் சேர்ந்தது போல ஒரு மணம். கம்பவுண்டர் குனிந்து, "ஸ்திரீயே, உன் புருஷனுடைய நாமம் என்ன?" என்றார்.

எல்லாம் மனசில் வரிசையாக இருந்தது. குரல்தான் வரவில்லை. அந்நிய ஆண்பிள்ளைக்கு நான் அதுவரை பதில் சொன்னதே கிடையாது.

"போயாச்சு துரை" என்றார் கம்பவுண்டர். குப்பியை மூடுகிற சத்தம் கேட்டது. காது மடலில் கிள்ளு விழுந்தது. அக்கா சொன்னது சரி, அதற்குக் கத்த முடியவில்லை. பிறகு எங்கேயோ தட்டத்தில் இரும்பு உரசியது. அந்தச் சத்தத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பதினொரு பேரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிற்கவில்லை, இருமவில்லை.

"ஏ, இது பேசுதே!" என்றார் கம்பவுண்டர்.

"இவள் சொல்லுகிறது என்ன?" என்று துரை கேட்டார்.

"பேருதான் துரை. ஒவ்வொரு பேரா சொல்லுது."

"இவளுக்கு எத்தனை புருஷர்?"

எனக்கு அந்த மேசையிலேயே உயிர் போய்விட்டது போல இருந்தது. கம்பவுண்டர் விரல் விட்டு எண்ணுவது காதில் விழுந்தது. "சீஷருக்க பேருல்லா இது... பதினொண்ணு வருது. ஒண்ணு கொறையுது." பிறகு என் காதோரமாக மெதுவாக, "அந்தக் கொறையுத ஆளாக்கும் மாப்பிள்ள, இல்லியா அம்மா?" என்றார். நான் தலையை அசைத்தேன்.

"துரை, பதில் சரியாட்டுதான் இரிக்கு. மருந்து விடணும்."

குப்பி திறந்தது. சொட்டு விழுந்தது, கேள்வி வந்தது, பதினொரு பேரும் வந்தார்கள். மறுபடியும் சொட்டு, மறுபடியும் கேள்வி. அதற்குப் பிறகு சீஷர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து எங்கேயோ போகத் தொடங்கினார்கள். நான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது வரைதான் எனக்கு ஞாபகம்.

மீதியை ஜன்னலில் நின்ற அக்கா சொல்லித்தான் கேட்டேன். பதினொன்று ஒன்பதாகி, ஏழாகி, பிறகு வெறும் முனகலாகியிருக்கிறது. கம்பவுண்டர் கடைசியாக ஒரு தடவை கேட்டபோது, சாப்பாடு ஆறிப்போகிறது என்று வயலில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, ஒரே ஒரு பெயரை இரண்டு தடவை கூவியிருக்கிறேன். விட்டுப்போன அந்தப் பெயரை. அப்புறம் எத்தனை கிள்ளு கிள்ளியும் அசைவில்லையாம்.

கண் முழித்தபோது வாந்தியும் தாகமும். மாமி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சத்தம்! வண்டி மாடெல்லாம் திரும்பிப் பாத்துது."

"மாமி, கட்டி...?"

"எடுத்தாச்சு. தட்டத்துல வச்சுக் காட்டினாவ. தேங்கா அளவு இரிக்கு. அது கெடக்கட்டும். இந்தப் பேரு சொன்னதுக்கு நான் எங்க போய்த் தலைய முட்ட?"

கம்பவுண்டர் துரையிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருக்கிறார். துரை முதலில் ரொம்பச் சிரித்தாராம். பிறகு சிரிப்பு நின்று, முன்பு அறுத்த பெண்களை நினைத்து முகம் வெளுத்துவிட்டதாம். சாயங்காலம் அக்காவின் கட்டிலருகே வந்து தொப்பியைக் கழற்றினார். "ஸ்திரீயே, நான் உனக்குத் தீங்கு செய்தேன். என்னை மன்னிப்பாயாக."

"போட்டும் துரை" என்றாள் அக்கா. "ஆனா கிழங்கு மேல பழி போட்டியளே, அதத்தான் பொறுக்க முடியல்ல."

ஆனால் படித்தவர்கள் ஓர் ஆராய்ச்சியை அவ்வளவு எளிதில் விடுவார்களா? துரை அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். முழிப்போடு இருக்கிற பெண் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். ஆகவே, சொல்லிவிட்டாள் என்றால் நிச்சயம் மயங்கிவிட்டாள். இதுதான் புதுச் சட்டம். இரண்டு பெண்களுக்கு அது சரியாகவே நடந்தது. பெயர் வரும்வரை மருந்து விட்டார்கள், பெயர் வந்தது, அறுத்தார்கள்.

அதன்பிறகு நாகர்கோவிலிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தாள். மேசையில் படுத்துக் கேள்வி முடிவதற்குள், இனிஷியலோடு, புருஷன் பெயரைக் கணீரென்று சொல்லிவிட்டாள். மருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. கம்பவுண்டர் குப்பியை மூடி, "போயாச்சு துரை!" என்றார். டீச்சரம்மா மேசையிலிருந்து குதித்து வார்டு வழியாக ஓடியதை நானே கட்டிலில் இருந்து பார்த்தேன். அன்றோடு கேள்வி நின்றது. அதற்குப் பிறகு துரை இமையைத் தூக்கிப் பார்ப்பதும், மூச்சைக் கவனிப்பதும், நாடியில் விரல் வைப்பதுமாக மாறிவிட்டார். ஆளிடம் எதுவும் கேட்பதில்லை.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு பேயன்பழச் சீப்போடு வந்தார். வாசலிலேயே கம்பவுண்டர், கொட்டகையில் மாமி, வராந்தாவில் அக்கா என்று எல்லாரும் அவரிடம் சொல்லிவிட்டார்கள். கட்டிலருகே வந்து நின்றவர், பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாமி தண்ணீர் எடுக்கப் போகிறவரை பொறுத்திருந்தார்.

"இந்த ஆஸ்பத்திரியில எனக்க பேரு கேக்காத ஆளு நான் ஒருத்தன்தான்" என்றார். "ஒரே ஒரு தடவ சொல்லு பாப்போம். பைய. எனக்கு மட்டும்."

நான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். என் ஆயுளில் நான் அவரிடம் முதல்முதலாகச் சொன்ன பரிகாசம் அதுதான்.

"கம்பவுண்டரக் கூட்டிட்டு வாங்க" என்றேன். "குப்பியோட."