கையால் முறுக்கிய நாலு போல்ட்டு

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வருஷம் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு கூடிவிட்டது. வெளியே மட்டும் பளபளத்தால் போதுமா, உள்ளேயும் சுத்தம் செய்வோம் என்று பூஜையன்று காலையில் பானெட்டைத் திறந்தேன். வீடியோக்கள் பார்த்தே பாதி மெக்கானிக் ஆகிவிட்டவன் நான். இரும்புலியூரில் எங்கள் பிளாட்டின் கார் பார்க்கிங்கில் யாருடைய வண்டி முனகினாலும் போய் எட்டிப் பார்க்கிற ஆள்.

த்ராட்டில் பாடி என்பது இன்ஜினுக்குள் காற்று போகிற வாசல். அதைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற வட்டத் தகடு அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. ஸ்ப்ரே அடித்து, பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். திரும்ப இடத்தில் வைத்து நாலு போல்ட்டையும் விரலால் திருகி நிறுத்தினேன். இனி ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டியதுதான் பாக்கி. திரும்பிப் பார்த்தால் ஸ்பேனர் பெட்டியைக் காணோம்.

மனைவி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவளுக்கு அவசரம். நான் மாடிக்குப் போவதற்குள் அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் மெஷின் வரிசையில் என் பெட்டியும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே அவளுடைய டிரைவிங் லைசென்ஸ். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் அன்றைக்குக் காய் நறுக்கக்கூடக் கத்தியைத் தொடமாட்டோம்.

"வேலை முடிஞ்சிடுச்சாங்க?" என்று கேட்டாள்.

"முடிஞ்சாச்சு. வண்டி புதுசு மாதிரி" என்றேன். பாதியில் நிற்கிறது என்று சொல்ல என் வாய்க்கு மரியாதை குறைச்சலாக இருந்தது.

சாயங்காலம் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்ற வண்டியைக் கிளப்பினேன். இன்ஜின் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று எனக்குப் புரிந்தது. நாளைக்குக் காலையில் இறுக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட காரணத்தைச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் தனியாக இருக்கும் அவள் அப்பாவை வாராவாரம் பிசியோதெரபிக்கு அழைத்துப்போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்பாள், நான் ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் வேலை என்பேன். ஒருநாள், "எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போறதுக்கு உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல். நன்றாகவே கற்றுக்கொண்டாள். தனியாக எடுக்கத்தான் பயம்.

விஜயதசமி காலையில் மறுபூஜையை முடித்து, லைசென்ஸைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்ல நாள். நானே தனியா அப்பா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். பெட்டி அப்போது என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ரெண்டு நிமிஷம் பொறு என்றால் போதும். சொன்னால் நேற்று அடித்துக்கொண்ட பெருமை என்ன ஆவது? தாம்பரம் தாண்டினால் குரோம்பேட்டை, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று கையசைத்து அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது கார் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் நின்றது. அவள் டிரைவர் சீட்டில் இல்லை. பக்கத்து சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிக்னலுக்குச் சிக்னல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி அணைந்திருக்கிறது. கடைசி சிக்னலில் கிளம்பவே இல்லை. பின்னால் ஹாரன். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "இன்னாம்மா, ஓட்டத் தெரியலன்னா வூட்லயே கெடக்க வேண்டியதுதான? காலங்காத்தால பேஜாரு பண்ணிகினு" என்று கத்தியிருக்கிறார். அங்கிருந்த பூக்கார அம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

"கிளட்ச்சை நான்தான் சரியா விடலைங்க. எனக்கு வராது" என்றாள்.

சந்தனம் அழியாத ஸ்பேனரோடு பானெட்டைத் திறந்தேன். நாலு போல்ட்டும் இன்னும் தளர்ந்திருந்தன. ஒரே போல்ட்டை மூச்சுப் பிடித்து முறுக்கக்கூடாது. எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாம் சமமாக உட்காரும்படி இறுக்க வேண்டும். அலுமினியம் என்பதால் வேகம் காட்டினால் மரை போய்விடும். எல்லாம் தெரியும் எனக்கு. ஒழுங்காக இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அலுங்காமல் ஓடியது.

"பாருங்க, நீங்க தொட்டா ஒழுங்கா ஓடுது" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. "சும்மா ஒரு தடவை செக் பண்ணேன்" என்றேன். அவமானமாக இருந்தது, இருந்தும் அதைத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் சாவியைத் தொடவில்லை. அப்பாவை ஆட்டோவில் அழைத்துப்போனாள். மேடு பள்ளத்தில் அவருக்கு இடுப்பு வலி அதிகமானது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அன்னைக்கு கிளட்ச்சுலேர்ந்து காலை எடுக்கிறதுல எங்க தப்பு பண்ணேன்னு இன்னும் புரியலைங்க" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இறுக்காத போல்ட்டு, ஏறி இறங்கிய சத்தம், தெரிந்தே கையசைத்தது வரைக்கும்.

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவளோ என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

"என்னைத் தேத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்ல வேணாங்க."

"சத்தியமா. வேணும்னா மறுபடி லூஸ் பண்ணிக் காட்டறேன், வா."

"எனக்காக நல்லா ஓடற வண்டியைக் கெடுக்காதீங்க" என்று எழுந்துபோய்விட்டாள்.

இப்போது வாராவாரம் நான்தான் லீவு போட்டு ஓட்டுகிறேன். போன வாரம் பின்சீட்டில் இருந்த மாமனார் என் தோளைத் தொட்டார்.

"மாப்பிள்ளை, அவ தப்பை உங்க மேல போட்டுக்கிட்டீங்களாமே. சொன்னா."

"இல்ல மாமா. நிஜமாவே என் தப்புதான். போல்ட்டை நான் இறுக்கல."

"பார்த்தியாம்மா?" என்றார் மகளிடம். "இப்பகூட உன்னை விட்டுக்குடுக்க மாட்டேங்கறார்."

அவள் என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள்.